மரத்தடியில் காற்றால் மண் தோண்டும்போது: ஆளுக்கும் வேருக்கும் காயமில்லாமல் வேலை முடிக்க ஒரு முழு வழிகாட்டி

நடைபாதை மரத்தின் அடியைச் சிமென்ட் போட்டு நெரித்துவிட்டு, மரம் சாய்ந்த பிறகு வேரைக் குறை சொல்வது நம் ஊர் வழக்கம். 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தில்லியில் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் 1 மீட்டருக்குச் சிமென்டை அகற்றச் சொன்னது. ஆனால் சிமென்டைப் பெயர்ப்பது பாதி வேலைதான். அதன் கீழே கல்லாக இறுகிக் கிடக்கும் மண்ணை வேர் அறாமல் எடுக்க வேண்டும். கடப்பாரை போட்டால் வேர் அறும். ஜேசிபியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதற்கென்று வந்ததுதான் அழுத்தக் காற்றால் மண்ணைப் பெயர்க்கும் கருவி. ஏர்ஸ்பேட் என்றால் பலருக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் அதைக் "காத்துக் கடப்பாரை" என்பார்கள்.

கருவி பார்க்க எளிமையானது. கையில் பிடிக்க ஒரு நீளக் குழாய், நடுவில் ஒரு விசை, நுனியில் ஒரு நாசில். சூட்சுமம் அந்த நாசிலில் இருக்கிறது. நடுவில் குறுகி, வெளிவாயில் மறுபடி விரியும் இந்த வடிவத்தை 19ஆம் நூற்றாண்டில் நீராவிச் சுழலிக்காகச் செய்தவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்தாஃப் டி லாவல். ராக்கெட்டின் வாலில் இருப்பதும் இதே வடிவம்தான். 90 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு) அழுத்தத்தில் போகும் காற்று, நாசிலை விட்டு வெளியேறும்போது ஒலியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் இருக்கும். அந்தக் காற்று மண்ணின் நுண்துளைகளுக்குள் புகுந்து அங்கே விரிகிறது, மண்கட்டி உள்ளிருந்து உடைகிறது. வேர், குழாய், கேபிள் இவற்றில் துளை கிடையாது என்பதால் காற்று சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

"வேரையே ஒன்றும் செய்யாத காற்று நம்மை என்ன செய்துவிடும்?" என்று புதிதாக வரும் ஒவ்வொருவரும் கேட்பார்கள். ஆபத்து தொடங்குவதே அந்தக் கேள்வியில்தான். காற்று வேரை விட்டுவைப்பது அதற்குள் நுழைய வழி இல்லாததால். நம் உடம்பிலோ கண், காது, மூக்கு, விரலில் ஆறாத ஒரு கீறல் என்று எல்லாமே வழிதான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதல் படி: மரத்தையும் நாளையும் பாருங்கள்

கருவியை வண்டியிலிருந்து இறக்கும் முன் மரத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். அடிமரத்தில் காளான் தட்டுகள் முளைத்திருக்கின்றனவா? பளபளப்பான செம்பழுப்புத் தட்டு என்றால் அது கனோடெர்மாவாக இருக்கலாம். தென்னை வைத்திருப்பவர்களுக்குத் தஞ்சாவூர் வாடல் நோயாகத் தெரிந்த அதே பேரினப் பூஞ்சை. உள்ளே வேர் மக்கியிருந்தால், மரத்தை நிறுத்தி வைத்திருப்பது சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பாகவே இருக்கக்கூடும். அதை நீங்கள் ஊதி எடுத்துவிட்டால் மரம் யார் மேல் விழும்? மரம் சமீபத்தில் சாயத் தொடங்கியிருந்தாலும், ஒரு பக்கத்து மண் விண்டு வெடித்திருந்தாலும் அன்றைக்கு வேலை வேண்டாம். மரநலம் தெரிந்தவர் பார்த்துச் சொன்ன பிறகு வாருங்கள்.

எவ்வளவு தூரம் வரை கவனம் தேவை என்பதற்கு ஆஸ்திரேலியத் தர விதி ஏஎஸ் 4970 ஒரு நல்ல கணக்குத் தருகிறது. மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை 12ஆல் பெருக்கினால் வருவது வேர்ப் பாதுகாப்பு வட்டத்தின் ஆரம். 60 சென்டிமீட்டர் மரத்துக்கு அது 7.2 மீட்டர். அதற்குள்ளே மரத்தைத் தாங்கி நிற்கும் வேர்களுக்கென்று ஒரு சின்ன வட்டம் உண்டு. அடிப்பகுதி 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரத்துக்கு அது சுமார் 2.7 மீட்டர். இந்தச் சின்ன வட்டத்தில் நாலு பக்கமும் ஒரே நாளில் ஆழமாகத் திறந்து போடக் கூடாது. வேரை வெட்டவில்லையே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் வேர் மண்ணைப் பற்றினால்தானே மரம் நிற்கும்?

நாள் பார்ப்பது என்றால் பஞ்சாங்கம் பார்ப்பது இல்லை, வானிலை அறிக்கை பார்ப்பது. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் வேர் திறக்கும் வேலையே கூடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது ஊறிய மண்ணில் நின்ற பெரிய பெரிய மரங்கள் வேரோடு புரண்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடையிலும் சிக்கல் உண்டு. முழுக் கவசத்தோடு மே மாத வெயிலில் மதியம் நின்றால் ஆள் சுருண்டு விழுவார். காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடித்துவிடுவது எங்கள் வழக்கம்.

முந்தின நாள் மாலையே மண்ணை நனைத்துவிட வேண்டும். காய்ந்த களிமண் உடையாது, புழுதிதான் பறக்கும். சேறாக இருந்தால் முகத்தில் அப்பும். ஒரு பிடி மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம்.

இரண்டாம் படி: மண்ணுக்குக் கீழே என்ன ஓடுகிறது?

காற்று கேபிளை அறுக்காது என்பது உறை நல்லபடியாக இருக்கும் கேபிளுக்கு மட்டும் பொருந்தும். பத்து வருஷமாக எலி கடித்து, ஏற்கெனவே மூன்று முறை ஒட்டுப் போட்ட கேபிளுக்குப் பொருந்தாது. நம் தெருக்களில் மின்கேபிள் எவ்வளவு ஆழத்தில் போகிறது என்பது வரைபடத்தில் ஒரு மாதிரி இருக்கும், தோண்டினால் வேறு மாதிரி இருக்கும். காற்றோடு பறக்கும் கல் பழைய உறையைச் சிதைக்கலாம். மண் போனதும் கேபிள் தொய்ந்து ஒட்டு விடலாம்.

அதனால் அனுமதி வாங்கும்போதே மின்வாரியம், குடிநீர் வாரியம், தொலைத்தொடர்பு, இருந்தால் எரிவாயு நிறுவனம் எல்லோரிடமும் கேளுங்கள். தோண்டும் முன் தகவல் தருவதற்கென்று மத்திய அரசு 2023 மார்ச்சில் "கால் பிஃபோர் யூ டிக்" என்ற செயலியைத் தொடங்கியது. அதிலும் பதிந்துவிடுங்கள். அத்தோடு விடாமல் அந்தத் தெருவில் இருபது வருஷமாக இஸ்திரி வண்டி போட்டிருக்கும் பெரியவரிடமும் கேளுங்கள். எங்கே எப்போது பள்ளம் வெட்டினார்கள் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அலுவலகக் கோப்புக்கும் தெரியாது.

கருவியின் தண்டு மின்சாரம் கடத்தாத கண்ணாடி நாரிழையால் ஆனதா என்று பாருங்கள். உள்ளூர்ப் பட்டறையில் இரும்புக் குழாயில் செய்து தருகிறேன் என்பார்கள், விலையும் குறைவுதான். வாங்காதீர்கள். தண்டு கடத்தாவிட்டாலும் நாசில் உலோகம்தான் என்பதை மறக்க வேண்டாம். கேபிள் கண்ணில் பட்ட இடத்தில் நாசிலால் தட்டியோ நெம்பியோ பார்க்கக் கூடாது.

மூன்றாம் படி: கம்ப்ரசரும் ஓஸும்

இந்த வேலையில் நடக்கும் பெரிய விபத்துகளின் கரு பெரும்பாலும் நாசிலில் இல்லை, ஓஸில்தான். எனவே இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

ஒவ்வொரு நாசிலுக்கும் இவ்வளவு சிஎஃப்எம் காற்று, அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி, வேண்டும் என்று அளவு உண்டு. மர வேலைக்கு அதிகம் பயன்படுவது 105, 150, 225 சிஎஃப்எம் நாசில்கள். கம்ப்ரசர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தர வேண்டும். 150 நாசிலுக்கு 185 சிஎஃப்எம் கம்ப்ரசர் பொருத்தம். பஞ்சர் கடைக் கம்ப்ரசர் இதற்கு உதவாது, அது தரும் காற்று இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. காற்று போதாவிட்டால் அழுத்தம் இறங்கும். ஆள் எரிச்சலில் நாசிலை மண்ணோடு மண்ணாக வைத்து அழுத்துவார், தெறிப்பு முழுக்க அவர் முகத்துக்கு வரும்.

எதிர்த் திசையில் ஒரு தவறும் உண்டு, நம் ஊருக்கே உரியது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் கம்ப்ரசரில் மாட்டிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வரும். திருச்செங்கோட்டு வண்டிகள் எந்த ஊரிலும் கிடைக்கும், வாடகையும் பேசி முடிக்கலாம். ஆனால் அவை 300 பிஎஸ்ஐ அளவில் ஓடுபவை. நம் கருவியும் ஓஸும் கப்ளிங்கும் 90 முதல் 100 பிஎஸ்ஐக்கு வடிவமைத்தவை. நடுவில் ரெகுலேட்டர் போட்டுக்கொள்கிறேன் என்ற பேச்சும் வேண்டாம். பாறை உடைக்கும் டிராக்டர் கம்ப்ரசர் பெரும்பாலும் 100 பிஎஸ்ஐ சுற்றில் ஓடும். அதை எடுத்தாலும் கேஜ் வேலை செய்கிறதா, சேஃப்டி வால்வு விடுகிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு எடுங்கள்.

ஓஸ் கழன்றால் என்ன ஆகும்? 90 பிஎஸ்ஐயில் முக்கால் அங்குல ஓஸ், முனையில் அரைக் கிலோ இரும்புக் கப்ளிங். அது பாம்பு போலச் சீறி அடிக்கும். முழங்கால் சில்லைப் பெயர்க்கும், மண்டையில் பட்டால் உயிர் போகும். தடுக்க மூன்று பொருள்கள் வேண்டும். நகம் போன்ற கொக்கிகளால் பூட்டிக்கொள்ளும் கிளா கப்ளிங்கின் துளைகளில் லாக் பின். ஒவ்வொரு இணைப்பின் மேலும் இரண்டு ஓஸையும் சேர்த்துப் பிடிக்கும் விப் செக் எனப்படும் எஃகுக் கம்பிவடம், அதுவும் தொய்வில்லாமல் இழுத்து மாட்டியதாக. கம்ப்ரசர் வாயிலில், ஓஸ் அறுந்ததும் தானாகக் காற்றைக் குறைக்கும் வால்வு. அரை அங்குலத்துக்கு மேற்பட்ட உள்விட்டமுள்ள ஓஸுக்கு இந்த மூன்றாவது பொருளை அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி கட்டாயமாக்கியிருக்கிறது. நம் ஊரில் கேட்டு வாங்கினால்தான் உண்டு. கட்டுக்கம்பியை முறுக்கி ஓஸைக் கட்டியிருந்தால் அந்த ஓஸைத் தொடவே வேண்டாம். போல்ட் போட்ட கிளாம்ப்தான் சரி.

கருவியின் விசையை விட்டால் காற்று உடனே நிற்க வேண்டும். கை வலிக்கிறது என்று அதைக் கயிற்றாலோ டேப்பாலோ அழுத்திக் கட்டிவைப்பவரை அன்றைக்கே வேலையிலிருந்து அனுப்பிவிடுங்கள். நான் கடுமையாகப் பேசும் இடம் இது ஒன்றுதான். இல்லை, இன்னொன்றும் இருக்கிறது. அது அடுத்த படியில்.

நான்காம் படி: உடம்பில் என்னென்ன போட வேண்டும்

கண்ணுக்கு முழுவதும் மூடிய காகிள்ஸ், அதன் மேல் முகக்கவசம். இரண்டும் வேண்டும். சாதாரணக் கண்ணாடியின் பக்கவாட்டில் மண் புகுந்துவிடும். நம் நடைபாதை மண்ணில் இருப்பது மண் மட்டுமா? உடைந்த பாட்டில் சில்லு, ஆணி, ஊசி, ஓட்டுத் துண்டு எல்லாம் கிடக்கிறது. அத்தனையும் உங்களை நோக்கித் தெறிக்கும்.

காதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கருவியின் அருகில் சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 85 டெசிபலில் 8 மணி நேரம் வேலை செய்யலாம், அதன்பின் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்காவின் தொழில்நலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு வெறும் கால் மணி நேரம். தொடக்கத்தில் ஒரு நாள் பஞ்சை மட்டும் அடைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாள் காதுக்குள் சில்வண்டு கத்தியது. காதுக்குள் பிளக், அதன் மேல் இயர்மஃப் என்று இரண்டும் போடுங்கள். ஒன்றோடு ஒன்று சேர்த்துப் போட்டால் கூடுதலாகக் கிடைப்பது 5 டெசிபல் அளவுதான். இருந்தாலும் அந்த 5 நமக்கு வேண்டும். கம்ப்ரசர் அருகில் நிற்பவருக்கும் இதே விதி.

மூச்சு. மண்புழுதியில் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். துண்டைக் கட்டிக்கொள்வதும் ஆஸ்பத்திரி நீல மாஸ்க்கும் பயனில்லை. என்95 அல்லது எஃப்எஃப்பி2 வேண்டும், தாடி இருந்தால் அதுவும் சரியாகப் பொருந்தாது. பழைய சாலையோர மண்ணில் ஈயமும் படிந்திருக்கலாம். ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் 2000இல்தான் நின்றது. ஈயம் மேல்மண்ணை விட்டு எளிதில் போகாது. வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். துணியைத் தனியாகத் துவையுங்கள்.

நம் பக்கத்து ஈர மண்ணில் இன்னொரு விருந்தாளி உண்டு. மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் பாக்டீரியா. காயத்தின் வழியாகவும் மூச்சில் போகும் ஈரத்துளி வழியாகவும் உடம்பில் ஏறும். மழைக்காலத்தில் அதிகம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளைத்தான் இது மோசமாகப் பிடிக்கும். சர்க்கரை உள்ளவரை, காலில் ஆறாத புண் உள்ளவரைக் கருவி பிடிக்க விடாதீர்கள். மண் வேலைக்குப் பிறகு சில வாரங்களுக்குள் விடாத காய்ச்சல் வந்தால், மண்ணில் வேலை செய்தேன் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாம் சொன்னால்தான் அவருக்கு அந்தச் சந்தேகம் வரும்.

முழுக்கைச் சட்டை, கையுறை, இரும்பு முனை பூட்ஸ், தடுப்பூசி அட்டையில் டெட்டனஸ். இவை தெரிந்த கதை.

சரி, கடுமையாகச் சொல்ல வேண்டிய அந்த இன்னொரு விஷயம். வேலை முடிந்ததும் சட்டையில் இருக்கும் புழுதியைக் கருவியாலேயே ஊதிக்கொள்ளும் பழக்கம். "சும்மா ஒரு தட்டு" என்பார்கள். சுத்தம் செய்யும் காற்றே 30 பிஎஸ்ஐக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அதுகூடப் பொருள்களுக்கு, மனிதருக்கு இல்லை. நம் கையில் இருப்பதோ அதைப் போல மூன்று மடங்கு. 2011இல் நியூசிலாந்தில் ஒரு லாரி ஓட்டுநர் தவறி விழுந்து, காற்றுக் குழாயின் முனை பிட்டத்தில் குத்தியது. காற்று உள்ளே ஏறி உடம்பே பலூனாக வீங்கியது. பிழைத்தது அதிர்ஷ்டம். விளையாட்டுக்குக்கூட ஆளை நோக்கி நாசிலைத் திருப்பக் கூடாது. விசையில் விரல் இல்லாவிட்டாலும் சரி.

ஐந்தாம் படி: இடத்தை வளைத்துக்கட்டுதல்

தெறிக்கும் கல் பத்துப் பதினைந்து அடி போவது சகஜம். மூங்கில் கட்டித் தார்ப்பாய் அல்லது பிளைவுட் தடுப்பு வையுங்கள். பக்கத்தில் நிற்கும் வண்டிகளை நகர்த்தச் சொல்லுங்கள். எங்களுக்கு ஒரு கார்க் கண்ணாடி செலவு வைத்த பிறகுதான் இது உறைத்தது. எல்லோர் காதும் அடைத்திருப்பதால் கத்தினால் கேட்காது. கருவி பிடிப்பவரையே பார்த்துக்கொண்டு ஒரு காவலாள் நிற்க வேண்டும். கை தூக்கினால் நிறுத்து என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். இன்னொருவர் கம்ப்ரசர் வால்வின் அருகிலேயே இருக்கட்டும். கம்ப்ரசரின் புகை ஆட்கள் பக்கம் வராத திசையில் வண்டியை நிறுத்துங்கள்.

மரத்தடியில் புற்று இருந்தால்? ஊதாதீர்கள். உள்ளே பாம்பு இருக்கலாம், வெளியே மஞ்சள் பூசிக் கும்பிடும் மக்களும் இருப்பார்கள். இரண்டு பேரையும் சீண்டாமல் புற்றை விட்டு ஒதுங்கி வேலை செய்யலாம். மரத்தில் கதண்டுக் கூடு இருக்கிறதா என்று மேலேயும் ஒரு பார்வை பாருங்கள். இந்தச் சத்தம் அவற்றுக்குப் பிடிக்காது.

ஆறாம் படி: தோண்டுவது

வெளிக்காற்று வீசிவரும் திசைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கால் இரண்டும் அகலமாக, ஓஸ் உங்களுக்குப் பின்னால். காற்றைத் திறந்ததும் கருவி பின்னோக்கி உதைக்கும், ஈர மண்ணில் கால் வழுக்கும். முதல் சில வினாடி மரத்திலிருந்து தள்ளி வெறும் மண்ணில் பழகுங்கள்.

நாசிலை மண்ணுக்கு மேலே சில அங்குலம் தள்ளி, சாய்வாகப் பிடித்து, வாசல் பெருக்குவது போல அசைத்துக்கொண்டே போக வேண்டும். உங்களிடமிருந்தும் அடிமரத்திலிருந்தும் மண் வெளியே பறக்கும்படி சாய்வு இருக்கட்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பெரிய வேரின் பட்டையும் உரியும். மரம் புதுத்தளிர் விடும் காலத்தில் பட்டை தளர்ந்திருக்கும், அப்போது இன்னும் எளிதாக உரியும். தலைமயிர் போன்ற சல்லிவேர்களைக் காற்றும் கொஞ்சம் அறுக்கத்தான் செய்யும். அதைக் குறைக்கலாம், முழுக்கத் தவிர்க்க முடியாது.

ஒரு முறைக்குக் கால்வாசி வட்டம் போதும். திறந்த வேர் மேல் உடனே நனைத்த சணல் சாக்கைப் போடுங்கள், நம் வெயிலில் சல்லிவேர் காய்வதற்கு அதிக நேரம் ஆகாது. அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். மக்கிய வேர், குடைந்த வேர், தெரியாத குழாய், கருகிய கேபிள், எதைப் பார்த்தாலும் விசையை விடுங்கள். பார்த்துவிட்டு அப்புறம் தொடரலாம்.

இந்தக் கருவி வேகமாகத் தோண்டும். ஆர்வத்தில் இடுப்பளவு குழி ஆகிவிடும். மர வேலைக்கு அவ்வளவு ஆழம் தேவைப்படுவதே இல்லை, அடிமரம் வேராக விரியும் இடமான வேர்க்கழுத்து தெரிந்தால் போதும். ஆழமான குழிக்குள் இறங்கி நின்று ஊதுவது, பக்கச்சுவர் சரிந்து புதைவதற்கு வழி.

ஏதாவது ஆகிவிட்டால்

காற்று தோலுக்குள் போன காயம் பார்க்கச் சின்னதாக இருக்கும். ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, வலியும் அதிகம் இருக்காது. ஏமாறாதீர்கள். சுற்றிலும் வீங்கி, தொட்டால் தோலுக்குக் கீழே நறநறவென்று இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. பிதுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது. 108ஐ அழைத்து, "90 பிஎஸ்ஐ காற்று உடம்புக்குள் போயிருக்கிறது" என்று அழுத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கண்ணில் துகள் குத்தி நின்றால் பிடுங்காமல், கண்ணை அழுத்தாமல், ஒரு காகிதக் கோப்பையால் மூடி அழைத்துச் செல்லுங்கள். மின்சாரம் பாய்ந்தவரைத் தொடாதீர்கள். சப்ளையை நிறுத்த, தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் பேசுங்கள். ஓஸ் கழன்று ஆடினால் அதைப் பிடிக்கப் பாயக் கூடாது. எல்லோரும் விலகி நிற்க, வால்வு அருகில் இருப்பவர் மூடட்டும்.

கடைசிப் படி: மூடுதல்

எடுத்த மண்ணை அப்படியே போட்டு மிதிக்காமல், மக்கிய உரம் கலந்து தளர்வாக நிரப்புங்கள். மேலே இலைதழை மூடாக்கு, ஆனால் அடிமரத்தை ஒட்டாமல். அன்றே தண்ணீர். நோயுள்ள மரத்தில் வேலை செய்திருந்தால் பூட்ஸையும் நாசிலையும் கழுவிய பிறகே அடுத்த மரம்.

கருவியைக் கழற்றும் வரிசை இது: கம்ப்ரசரை அணைக்கும் முன் வெளிவால்வை மூடுங்கள். பிறகு நாசிலை வெற்று மண்ணை நோக்கிப் பிடித்து, சீறல் அடங்கும் வரை விசையை அழுத்துங்கள். ஓஸைக் காலால் மிதித்தால் கெட்டியாக இருக்கிறதா, தொளதொளவென்று இருக்கிறதா என்று பாருங்கள். தொளதொளத்த பிறகு லாக் பின்னை உருவலாம். அதுவரை கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.